தானியங்கிக் கப்பல்களும் மாலுமியின் பொறுப்பும்

(கப்பல்துறை மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

1995-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் நண்பகலில், பெர்முடாத் தீவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை நோக்கி 'ராயல் மெஜஸ்டி' என்னும் உல்லாசப் பயணக் கப்பல் புறப்பட்டது. பயணிகளும் பணியாளருமாக 1,509 பேர் அதில் இருந்தனர். செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்றுக் கப்பலின் இருப்பிடத்தைக் கணிக்கும் கருவி, அக்கணிப்பைக் கொண்டு தானே சுக்கானைத் திருப்பும் கருவி, ரேடார், ஆழமானி என அக்காலத்தின் சிறந்த சாதனங்கள் யாவும் அதில் பொருத்தப்பட்டிருந்தன. துறைமுகத்தை விட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். செயற்கைக்கோள் கருவியின் அலைவாங்கிக்குச் செல்லும் கம்பி இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது.

கருவி நின்றுபோயிருந்தால் எவரேனும் உடனே கவனித்திருப்பர். அது நிற்கவில்லை. கடைசியாக அறிந்த இடத்திலிருந்து, கப்பலின் வேகத்தையும் திசையையும் மட்டும் கொண்டு இருப்பிடத்தை ஊகித்துக் காட்டத் தொடங்கியது. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதை இந்த ஊகக் கணக்கு அறியாது. மாற்றத்தை அறிவிக்கக் கருவி எழுப்பியது ஒரு சிறு கீச்சொலி. பின்பு திரையில் சிற்றெழுத்துகளில் ஒரு குறிப்பு. அவ்வளவே. தானியங்கிச் சுக்கானோ, தனக்கு வரும் இருப்பிடம் உண்மையானதா ஊகமா என்று கேட்டறியும் வகையில் அமைக்கப்படவில்லை. எது வந்தாலும் அதன்படி கப்பலைச் செலுத்திற்று.

இவ்வாறு 34 மணி நேரம் கடந்தது. காவல் அதிகாரிகள் தம் கடமையை மறந்துவிட்டார்கள் என்று கூறுவதற்கில்லை. மணிக்கொரு முறை கருவி காட்டிய இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்துவந்தனர். ஒவ்வொரு முறையும் அப்புள்ளி வரையப்பட்ட பாதையின் மீதே இம்மியும் பிசகாமல் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? பாதையில் இருப்பதாகக் கூறிய கருவியும், பாதையில் செலுத்திய கருவியும், அதைச் சரிபார்க்க அதிகாரி பயன்படுத்திய கருவியும் ஒன்றே. கரையிலிருந்து வரும் வானொலி அலைகளால் இருப்பிடம் காட்டும் வேறொரு கருவி அதே அறையில் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மாலையில் கடற்பாதையின் நுழைவாயிலில் உள்ள மிதவை ரேடாரில் தெரிந்ததாக ஓர் அதிகாரி கொண்டார். உண்மையில் அது பல மைல்களுக்கு அப்பால் மூழ்கிய கப்பலொன்றைக் குறிக்கும் வேறு மிதவை. அடுத்த மிதவை தென்படவே இல்லை. ஆயினும் அதைக் கண்டதாகவே காவல் அதிகாரி தலைவரிடம் கூறினார். கண்காணிப்புக்கு நின்ற மாலுமிகள் எதிர்பாராத சிவப்பு விளக்குகளையும், பின்னர் முன்னே நீர் நிறம் மாறி வெளுத்திருப்பதையும் தெரிவித்தனர். மாலுமியின் கண் கண்டதைத் திரை மறுத்தது, திரையே நம்பப்பட்டது. இரவு 10 மணி 25 நிமிடத்துக்குக் கப்பல் நான்டக்கெட் தீவின் கிழக்கே மணல் திட்டில் ஏறி நின்றது. உரிய பாதையிலிருந்து அப்போது அது 17 மைல் விலகியிருந்தது. நல்வாய்ப்பாக ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை இவ்வளவு விரிவாகக் கூறக் காரணம் உண்டு. கருவிகள் வந்தால் மனிதனின் வேலை குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. கடலில் நேர்ந்தது வேறு. வேலை குறையவில்லை, அதன் தன்மை மாறிற்று. செய்து வந்தவன் பார்த்துக்கொண்டிருப்பவன் ஆனான். பார்த்துக்கொண்டிருப்பது எளிய பணி அன்று. பிழையே செய்யாத ஒன்றை நாட்கணக்கில் ஐயுற்றுக்கொண்டே இருக்கவேண்டிய பணி அது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் செய்யப்போவது பெரும்பாலும் இந்தப் பணியே. ஆயின் பயிற்சி முறைகளும், பணியாளர் எண்ணிக்கையை வரையறுக்கும் விதிகளும் இன்னும் பழைய வேலையையே பெரிதும் மனத்தில் கொண்டுள்ளன.

சுக்கானியிடம் கற்ற கருவி

இந்தியப் பணியாளர் நிறைந்த கப்பல்களில் சுக்கான் பிடிப்பவரைச் 'சுக்கானி' என்று அழைப்பது மரபு. நல்ல சுக்கானி திசைகாட்டியின் முள் விலகிய பின் சுக்கானைத் திருப்புபவரல்லர். கப்பல் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை உணர்ந்து, விலகுமுன்பே எதிர்த்துப் பிடிப்பார். ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்னும் பொறியியலறிஞர் சுக்கான் பிடிப்போரின் இத்திறனைக் கூர்ந்து கவனித்து, அதைக் கணிதச் சமன்பாடாக 1922-இல் எழுதினார். 'நியூ மெக்சிகோ' என்னும் போர்க்கப்பலில் அது சோதித்தும் பார்க்கப்பட்டது. இன்று ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் கொதிகலன் முதல் காகித இயந்திரம் வரை கட்டுப்படுத்தும் தானியங்கி முறையின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று இங்கிருந்து கிளைத்ததே. ஒரு மாலுமியின் கைப்பழக்கம் உலகத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் ஆசானாயிற்று என்பது பலரும் அறியாத செய்தி.

அதே ஆண்டுகளில் எல்மர் ஸ்பெரியின் தானியங்கிச் சுக்கான் வணிகக் கப்பல்களுக்கு வந்தது. மாலுமிகள் அதற்கு 'மெட்டல் மைக்' என்று பெயர் சூட்டினர். களைப்படையாத தோழன் அது. நெடும் பயணத்தில் மனிதனைவிட நேராகச் செலுத்தி எரிபொருளையும் மிச்சப்படுத்தியது. ஆனால் கருவி ஒன்று வந்தவுடன், 'இப்போது கப்பலைச் செலுத்துவது யார்?' என்ற கேள்வியும் உடன் வந்தது. 1967 மார்ச் 18-இல் 'டோரி கேன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையை அணுகியபோது, கடைசி நிமிடங்களில் சுக்கானியின் கையில் சக்கரம் சுழன்றதே தவிரக் கப்பல் திரும்பவில்லை. தேர்வு நெம்புகோல் தவறான நிலையில் இருந்தது. தலைவர் ஓடிவந்து அதைச் சரிசெய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது.

எஞ்சின் அறையில் மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. 1961-இல் ஜப்பானின் 'கின்கசன் மாரு' கப்பலில் முதன்மை எஞ்சினை மேல்தளக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே இயக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன் பின் இரவில் ஆளில்லாமலேயே எஞ்சின் அறையை விட்டுவைக்கும் முறை பரவியது. பொறியாளர் தம் அறையில் உறங்குவார். கோளாறு நேர்ந்தால் அபாய மணி அவரை எழுப்பும். இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அனலிலும் பேரிரைச்சலிலும் நான்கு மணி நேரம் நின்று காவல் புரிந்தவர்களைக் கேட்டால் தெரியும். பழைய சரக்குக் கப்பலில் நாற்பது, ஐம்பது பேர் பணியாற்றினர். அதைவிடப் பன்மடங்கு பெரிய இன்றைய பெட்டகக் கப்பலில் இருபத்தைந்து பேருக்கும் குறைவு. வானொலி அதிகாரி என்றொருவர் இருந்தார். புதிய உலகக் கடல் அபாய அறிவிப்பு முறை 1999 பிப்ரவரி 1-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் அப்பதவியே அநேகமாக மறைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் அபாயச் செய்தி தானே செல்கிறது. தவறுதலாக அழுத்தப்பட்டும் செல்கிறது.

எளியவை கருவிக்கு, கடினமானவை மனிதனுக்கு

லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1983-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இத்துறையில் இன்றும் பயிலப்படுகிறது. அவர் சுட்டிய முரண் எளியது. வடிவமைப்பாளர் தம்மால் தானியங்கியாக்க இயன்றதையெல்லாம் ஆக்கிவிட்டு, இயலாததை மனிதனிடம் விடுகிறார். ஆகவே மனிதனுக்கு எஞ்சுவது மிகக் கடினமான பகுதி. அதுவும் எப்போதோ ஒரு முறை, முன்னறிவிப்பின்றி, நொடிகளில் செய்யவேண்டியதாக வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அவன் கை பழக்கத்தை இழந்திருக்கும்.

2013 செப்டம்பரில் டோவர் நீரிணையில் 'ஓவிட்' என்னும் இரசாயனச் சரக்குக் கப்பலுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. மின்னணு வரைபடத்தில் அனுபவம் குறைந்த இளம் அதிகாரி ஒருவர் பாதை வரைந்தார். அப்பாதை வார்ன் மணல் திட்டின் குறுக்கே சென்றது. ஆழக் குறைவை எச்சரிக்கும் ஏற்பாடு சரியாக அமைக்கப்படவில்லை; ஒலி எச்சரிக்கையும் வேலை செய்யவில்லை. திட்டைக் குறிக்கும் மிதவைகளின் விளக்குகள் கண்காணிப்புக்கு நின்றவர் கண்ணில் பட்டன. அவர் அதைத் தெரிவிக்கவில்லை. கப்பல் தரைதட்டிய பின்பும் அதை உணரக் காவல் அதிகாரிக்கு 19 நிமிடங்கள் பிடித்தன. காகித வரைபடத்தில் பென்சிலால் பாதை வரைபவர், கோடு எந்த எண்ணின் மேல் செல்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். திரையில் அந்தக் கட்டாயம் இல்லை. மின்னணு வரைபடம் 2012 முதல் 2018 வரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. காகிதத்தில் கற்ற கை பெரும்பாலான இளைஞர்களிடம் இப்போது இல்லை.

போர்க்கப்பல்களும் இதற்கு விலக்கல்ல. 2017 ஆகஸ்டு 21 அதிகாலையில், சிங்கப்பூர் அருகே நெரிசல் மிக்க கடற்பாதையில், அமெரிக்கக் கடற்படையின் 'ஜான் எஸ். மெக்கெய்ன்' சென்றுகொண்டிருந்தது. சுக்கானியின் சுமையைக் குறைக்க, வேகக் கட்டுப்பாட்டை அடுத்த இருக்கையினருக்கு மாற்றுமாறு தலைவர் ஆணையிட்டார். தொடுதிரையில் அதைச் செய்தபோது சுக்கானும் சேர்ந்து மாறிப்போனது. சுக்கானி தம் கட்டுப்பாட்டை இழந்ததாக எண்ணினார். அது பக்கத்து இருக்கையில் இருந்தது. அங்கிருந்தவருக்கோ அது தெரியாது. வேகத்தைக் குறைக்க முயன்றபோது இரண்டு சுழலிகளில் ஒன்றின் வேகம் மட்டும் குறைந்தது. கப்பல் இடப்புறமாகத் திரும்பி ஓர் எண்ணெய்க் கப்பலின் முன் சென்றது. பத்து மாலுமிகள் மாண்டனர். போதிய பயிற்சியின்மையும் மேற்பார்வைக் குறைவும் விசாரணையில் காரணங்களாகக் கூறப்பட்டன. வேகக் கட்டுப்பாட்டுக்குத் தொடுதிரைக்குப் பதிலாகக் கைப்பிடிகளையே மீண்டும் பொருத்தப்போவதாகக் கடற்படை 2019-இல் அறிவித்தது. கையில் பிடித்த பொருள் எந்த நிலையில் உள்ளது என்பதைப் பார்க்காமலே அறியலாம் அல்லவா?

இவற்றோடு இப்போது புதியதொரு இடரும் சேர்ந்துள்ளது. 2017 ஜூனில் கருங்கடலில் இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், அவை உள்நாட்டு விமான நிலையமொன்றில் நிற்பதாகக் காட்டின. எவரோ பொய்ச் சமிக்ஞை அனுப்பியதன் விளைவு அது. கருங்கடலிலும் செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் போர்ப் பதற்றத்தை ஒட்டி இத்தகைய இடையூறுகள் பலமுறை நேர்ந்துள்ளன. 'ராயல் மெஜஸ்டி'யில் கருவி அறியாமையால் தவறாகக் காட்டியது. இங்கே வேண்டுமென்றே ஏமாற்றப்படுகிறது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம் தான் கைவிட்டிருந்த விண்மீன் வழி கணிக்கும் பாடத்தை 2015-இல் மீண்டும் தொடங்கியது பழமைப் பற்றினால் அன்று.

பால்டிமோர்

2024 மார்ச் 26 பின்னிரவில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து இலங்கை நோக்கிப் புறப்பட்ட 'டாலி' என்னும் பெட்டகக் கப்பலில் பணியாளர் 21 பேர். அவர்களில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்ற உள்ளூர் வழிகாட்டிகள் இருவர் உடன் இருந்தனர். பாலத்தை நெருங்கும் வேளையில் மின்சாரம் முற்றிலும் நின்றது. மீண்டும் வந்தது, மீண்டும் நின்றது. முதல் தடைக்குக் காரணம், பெயர்ச்சீட்டு வளையத்தால் முழுவதும் உட்செல்லாமல் தளர்ந்திருந்த ஒரு கம்பி என்று 2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. பல்லாயிரம் இணைப்புகள் கொண்ட கப்பலில் ஒரு கம்பி! மின்னாக்கிகளுக்கு எரிபொருள் அனுப்ப அப்போது பயன்பட்டு வந்த பம்பு, மின்சாரம் திரும்பினாலும் தானே இயங்கும் வகையைச் சேர்ந்ததன்று. இரண்டாம் தடைக்கு அது வழிவகுத்தது.

அந்தச் சில நிமிடங்களில் மனிதர் செய்தவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கப்பலின் பொறியாளர்கள் இருளில் மின்சாரத்தை மீட்கப் போராடினர். நங்கூரம் இடப்பட்டது. வழிகாட்டியிடமிருந்து அபாயச் செய்தி கரைக்குச் சென்றது. இரு முனைகளிலும் காவலர் பாலத்தின் போக்குவரத்தை நிறுத்தினர். பாலம் வீழ்ந்தபோது ஊர்திகள் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கவில்லை. சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். அவர்களை எச்சரிக்க நேரம் போதவில்லை. பாலம் வீழ்ந்ததற்கும், இறப்பு எண்ணிக்கை அதற்கு மேல் உயராததற்கும் காரணங்கள் வேறு வேறு. முதலாவது கம்பியில் தொடங்கியது. இரண்டாவது, வானொலிக் கருவியைக் கையிலெடுத்துப் பேசிய ஒருவரிடமும் கேட்டவுடன் செயல்பட்ட சிலரிடமும் அடங்கியது. அக்கப்பலின் இந்தியப் பணியாளர் விசாரணையின் பொருட்டு ஏறத்தாழ மூன்று மாதம் கப்பலை விட்டு இறங்க இயலாமல் இருந்ததையும் குறிப்பிட வேண்டும். தவறு எங்கிருந்து தொடங்கினாலும், விசாரணைக்கு நிற்பவர்கள் கப்பலில் இருப்பவர்களே.

உலகக் கப்பற் பணியாளரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். எனவே தானியங்கிக் கருவி எங்கு வடிவமைக்கப்பட்டாலும், அதன்முன் இரவு இரண்டு மணிக்கு நிற்பவர் இந்தியராக இருக்கும் வாய்ப்பு மிகுதி. இதை முன்னிட்டு நம் நாட்டில் கவனிக்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது ஆள் எண்ணிக்கை. கருவி பொருத்தப்பட்டது என்பதைக் காரணம் காட்டி ஆட்களைக் குறைப்பது கணக்கேட்டில் எளிது. சர்வதேச விதிப்படி ஒருவருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாட்களில் 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும். ஆட்கள் குறைந்த கப்பல் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகங்களைத் தொடும்போது இவ்வோய்வு ஏட்டில் மட்டுமே நிறைவு பெறும் நிலை உண்டு என்பதை ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் அறிவர். காவல் அதிகாரி உறங்கிவிடாமலிருக்க 3 முதல் 12 நிமிடங்களுக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தச் சொல்லும் கருவியொன்று இப்போது கட்டாயமாக உள்ளது. மனிதன் கருவியைக் கண்காணிக்க, மனிதனைக் கண்காணிக்க இன்னொரு கருவி! அது விழிப்பை உறுதி செய்யலாம். கவனத்தை உறுதி செய்யாது.

இரண்டாவது பயிற்சி. 1927-இல் பம்பாயில் 'டஃபரின்' பயிற்சிக் கப்பலில் தொடங்கிய மரபு, 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் வரை வளர்ந்துள்ளது. வகுப்பறைக்குக் குறைவில்லை. கப்பலில் பயிற்சிக்கு இடம் கிடைப்பதே இந்திய மாணவருக்கு நெடுநாளைய இடர்ப்பாடு. பணியாளர் குறையக் குறையக் கற்றுக்கொடுக்க ஓய்வுள்ள மூத்தவரும் குறைகின்றனர். பாவனைப் பயிற்சிக் கருவிகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் பெருந்தீயும் மோதலுமே பயிற்றப்படுகின்றன. 'ராயல் மெஜஸ்டி'யில் நேர்ந்ததுபோல், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும் நிலையில் ஒரு கருவி மெல்லப் பொய்சொல்லும் பாடமும் தேவை. அதை அமைப்பது கடினம்; தேர்வில் மதிப்பெண் இடுவது அதனினும் கடினம்.

மூன்றாவது, கரையிலிருந்து இயக்கும் பணி. நார்வேயின் 'யாரா பிர்க்கலன்' மின்கப்பல் ஆளின்றி ஓடும் நோக்கத்துடன் கட்டப்பட்டு, 2022-இல் வணிகப் பயணத்தைத் தொடங்கியபோது ஆட்களுடனேயே ஓடிற்று. அட்லாண்டிக்கைக் கடக்க முயன்ற 'மேஃப்ளவர்' என்னும் ஆளில்லாச் சிறுகலம் 2021-இல் ஓர் எந்திரப் பழுதால் திரும்பியது. மறு ஆண்டு வழியில் பழுதுபட்டுக் கனடாவில் கரை சேர்ந்தது. கப்பலில் ஒரு பொறியாளர் இருந்திருந்தால் இவ்விரண்டும் பெரிய செய்திகளாகியிருக்கமாட்டா. துறைமுகங்களில் இம்மாற்றம் இன்னும் உறுதியாக வந்துவிட்டது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில், பெட்டக முற்றத்துக் கிரேன்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கப்படுகின்றன. அங்கே இருக்கையில் அமர்ந்து அவற்றை இயக்குவோரில் அருகிலுள்ள மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் உள்ளனர். கிரேனின் உச்சியறைக்கு ஏணியேறிச் செல்லவேண்டிய நிலையில் இவ்வேலை அவர்களுக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே. தானியங்கி முறை வேலையைப் பறிக்கும் என்று மட்டும் கூறுவோர் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆளில்லாக் கப்பல்களுக்கான விதித்தொகுப்பை 2032 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்குவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இலக்கு. கரையில் அமர்ந்து கப்பலைச் செலுத்துபவர் முன்னர் எத்தனை ஆண்டு கடலில் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற கேள்வி அதனுள் அடங்கியுள்ளது. கடலுக்கே போகாத ஒரு தலைமுறை கப்பலைச் செலுத்தப் போகிறது எனில், நீரின் நிற மாற்றத்துக்கு என்ன பொருள் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? மாலுமிகளை மிகுதியாக அனுப்பும் நாடு என்ற முறையில், இதற்கு விடை கூறும் உரிமையும் அனுபவமும் இந்தியாவுக்கு உண்டு.

இதற்கிடையில் மாணவர் தாமே செய்யக்கூடியது ஒன்று உள்ளது. அதற்கு எவரது ஆணையும் வேண்டியதில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு காவலிலும், திரையைப் பாராமல், ஒரு கலங்கரை விளக்கத்தையோ குன்றின் முனையையோ திசைகாட்டியால் நோக்கிக் கோணம் எடுத்து, கோடு வரைந்து, அதன் பிறகு கருவி காட்டும் இடத்துடன் ஒப்பிடலாம். நடுக்கடலில் இதே சோதனையைப் பகலில் சூரியனைக் கொண்டும், அந்தி வேளையில் விண்மீனைக் கொண்டும் செய்யலாம். கரையை நோக்கி ஒரு கோடு வரைய ஆகும் நேரம் இரண்டு அல்லது மூன்று நிமிடம்.